கணக்கில் புது வழி கண்ட ஜனாதிபதி!

அமெரிக்க ஜனாதிபதிகளில் வக்கீல்கள் உண்டு. போர்த் தளபதிகள் உண்டு. சினிமா நடிகராக இருந்தவரும் உண்டு.

ஆனால், கணிதத்தில் ஒரு புதிய நிரூபணத்தைக் கண்டுபிடித்து, அதைப் பத்திரிகையிலும் வெளியிட்டவர் ஒரே ஒருவர்தான்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஆப்ரம் கார்பீல்டு. அமெரிக்காவின் 20-வது ஜனாதிபதி.

பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் ஒரு கணக்கு நினைவிருக்கும். பிதாகரஸ் தேற்றம்! பல பிள்ளைகளுக்கு அதைக் கேட்டாலே காய்ச்சல் வரும். அதை இரண்டு முக்கோணத் துண்டுகளை வைத்தே நிரூபித்துக் காட்டிவிட்டார், கார்பீல்டு.

மரக் குடிசையில் பிறந்தார்

1831-ம் ஆண்டு நவம்பர் மாதம் 19-ந் தேதி, ஓஹையோ மாநிலத்தில் ஒரு மரக் குடிசையில் கார்பீல்டு பிறந்தார். தந்தை விவசாயி. குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை இறந்துபோனார்.

நான்கு குழந்தைகளை வைத்துக்கொண்டு தாயார் எலிசா பட்ட பாடு கொஞ்சமல்ல.

பையனுக்குக் கடல் மீது ஆசை. கப்பலில் வேலை செய்ய வேண்டும் என்று 16-வது வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினான். கப்பலில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில், உறவினர் ஒருவரின் கால்வாய்ப் படகில்தான் வேலை கிடைத்தது.

அந்தப் படகைக் கரையில் நடக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கயிற்றால் இழுக்கும். அவற்றை ஓட்டிக்கொண்டு போவதுதான் வேலை. நீச்சல் தெரியாத பையன். பல தடவை தண்ணீரில் விழுந்தான். ஒரு நாள் இரவு விழுந்தபோது, கைக்கு அகப்பட்ட ஒரு கயிறுதான் உயிரைக் காப்பாற்றியது.

பிறகு குளிர் காய்ச்சல் வந்தது. ஆறே வாரத்தில் வீடு திரும்பினான்.

"படகு வேண்டாம். படி" என்றார், தாயார். அவரும் மூத்த மகனும் சேர்த்து வைத்திருந்த 17 டாலரைக் கையில் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வரும்? 1851-ம் ஆண்டு ஹிராம் என்ற ஊரில் இருந்த பள்ளியில் சேர்ந்தபோது, அங்கே தரையைப் பெருக்கினார். மணி அடித்தார். அந்தக் கூலியில் படித்தார். ஆறு ஆண்டு கழித்து அதே பள்ளிக்கே தலைவர் ஆனார்!

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதும் படையில் சேர்ந்து மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தார். 1863-ம் ஆண்டு முதல் அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரசில் உறுப்பினர். அங்கே 17 ஆண்டுகள் இருந்தார். நாட்டில் கல்விக்கு ஒரு தனி இலாகா வேண்டும் என்று 1860-களில் மசோதா கொண்டு வந்தவரும் இவரே.

பழைய உபாத்தியாயர் அல்லவா? அரசியலுக்குப் போன பிறகும் கணக்கு அவரை விடவில்லை. சக உறுப்பினர்களோடு ஓய்வு நேரத்தில் கணக்குப் புதிர்கள் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்ததுதான் அந்த நிரூபணம்.

கழுதைப் பாலம்

1876-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, பாஸ்டன் நகரில் இருந்து வந்த ஒரு கல்விப் பத்திரிகை அதை வெளியிட்டது. தலைப்பு என்ன தெரியுமா? "கழுதைப் பாலம்"!

கணக்கில் மந்தமான பிள்ளைகள் தாண்ட முடியாமல் நின்றுவிடும் இடத்துக்கு, ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகளாக வழங்கி வந்த கேலிப் பெயர் அது. கால்வாய்க் கரையில் கோவேறு கழுதை ஓட்டியவருக்கு இந்தத் தலைப்பு பொருத்தம்தான்.

அது தேர்தல் ஆண்டு. காங்கிரசில் குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் கடும் சண்டை. கார்பீல்டு குடியரசுக் கட்சிக்காரர். அதனால் பத்திரிகை ஒரு வேடிக்கையும் சேர்த்துக்கொண்டது. இந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்று சேரலாம் என்ற பொருளில் எழுதியது.

அளந்தால் போதாதா?

அப்படி என்ன தேற்றம் அது?

ஒரு மூலை சரியான சதுர மூலையாக உள்ள முக்கோணம் செங்கோண முக்கோணம். சுவரில் சாய்த்து வைத்த ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் ஒரு பக்கம். தரை ஒரு பக்கம். ஏணிதான் சாய்ந்த பக்கம். இதைக் கர்ணம் என்பார்கள்.

சுவர்ப் பக்கத்தின் மேல் ஒரு சதுரம் போடுங்கள். தரைப் பக்கத்தின் மேல் ஒரு சதுரம் போடுங்கள். இரண்டின் பரப்பையும் கூட்டினால், சாய்ந்த பக்கத்தின் மேல் போட்ட சதுரத்தின் பரப்பு வரும். கூடவும் வராது. குறையவும் வராது.

வீடு கட்டும் கொத்தனாருக்கு இது தெரியும். மனையில் நூல் பிடிக்கும்போது ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறிப்பார். குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. 3-ஐ 3-ஆல் பெருக்கினால் 9. 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16. இரண்டும் சேர்ந்து 25. அது 5-ஐ 5-ஆல் பெருக்கிய தொகை.

பிதாகரஸ் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். இன்று ஈராக் இருக்கும் பகுதியில், சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர்கள் ஈர மண்ணில் எழுதி உலர வைத்த பலகைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பலகை. அதில் ஒரு சதுரம். அதன் குறுக்கே இரண்டு கோடுகள். பக்கம் 1 என்றால் குறுக்குக் கோடு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. அந்த எண் 1.41421 வரை சரி!

நம் நாட்டிலும் யாக மேடை கட்டுவதற்கான விதிகளைச் சொன்ன போதாயனர், நீள்சதுரத்தின் குறுக்கே பிடித்த கயிற்றைப் பற்றி இதே உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் காலம் கி.மு. 500-க்கு முந்தியது என்று கருதுகிறார்கள்.

பிதாகரஸ் கிரேக்கர். சாமோஸ் தீவில் பிறந்தவர். அவர் கையால் எழுதிய எதுவும் இன்று இல்லை. பெயர் மட்டும் தேற்றத்தோடு ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் ஒரு பெரிய கேள்வி எழுகிறது.

3, 4, 5 சரி. 5, 12, 13-ம் சரி. நூறு முக்கோணங்களை அளந்து பார்த்தாலும் சரியாக வரலாம். நூற்று ஓராவது முக்கோணம் ஏமாற்றிவிட்டால்? அளவுகோலின் கோடே ஒரு மயிரிழை அகலம் இருக்கிறதே! மயிரிழை வித்தியாசம் இருந்தால் அளவுகோல் காட்டிக் கொடுக்குமா?

கொத்தனாருக்கு மயிரிழை பெரிதல்ல. பல மைல் நிலத்தை அளப்பவனுக்கும், வானத்தைக் கணக்கிடுபவனுக்கும் அது பெரிது. எல்லா முக்கோணத்துக்கும் இது பொருந்துமா, பொருந்தாதா? அளந்து சொல்ல முடியாது. காரணம் காட்டித்தான் சொல்ல வேண்டும். காரணம் காட்டுவதற்குப் பெயர்தான் நிரூபணம்.

இரண்டு அட்டை, ஒரு கத்தரிக்கோல்

கார்பீல்டின் வழியைப் பார்க்கும் முன், பழைய வழி ஒன்றை நீங்களே செய்து பாருங்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நோட்டுப் புத்தக அட்டையில் 4 அங்குல நீளம், 3 அங்குல அகலம் உள்ள இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒரு காகிதத்தில் பக்கத்துக்கு 7 அங்குலமாக ஒரு பெரிய சதுரம் போடுங்கள். 4-ம் 3-ம் சேர்ந்து 7.

முதலில் அட்டைகளை வெட்டாமல் வையுங்கள். ஓர் அட்டையைச் சதுரத்தின் இடது மேல் மூலையில் நிற்கிற மாதிரி வையுங்கள். இன்னொன்றை வலது கீழ் மூலையில் படுக்கிற மாதிரி வையுங்கள். இரண்டு அட்டைகளும் மூலையோடு மூலை தொட்டு நிற்கும்.

மூடாமல் மீதி இருக்கும் இடம் எது? இடது கீழ் மூலையில் 3 அங்குலச் சதுரம் ஒன்று. வலது மேல் மூலையில் 4 அங்குலச் சதுரம் ஒன்று. இந்த இரண்டையும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அட்டைகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை குறுக்காக வெட்டுங்கள். நான்கு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். நான்கும் ஒரே அளவு.

பெரிய சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முக்கோணத்தை வையுங்கள். முக்கோணத்தின் சதுர மூலை, பெரிய சதுரத்தின் மூலையில் இருக்கட்டும். பெரிய சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முக்கோணத்தின் நீண்ட பக்கமும், அடுத்த முக்கோணத்தின் குட்டைப் பக்கமும் வரட்டும். 4-ம் 3-ம் 7. இடைவெளி இல்லாமல் உட்காரும்.

நடுவில் என்ன மீதி இருக்கிறது? சற்றே சாய்ந்த ஒரு கட்டம். அதன் நான்கு பக்கமும் முக்கோணங்களின் கர்ணம்!

அது உண்மையிலேயே சதுரம்தானா? நான்கு பக்கமும் சமம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூலை சரியா? இதையும் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் நிரூபணம் ஓட்டைக் குடம்தான்.

அட்டையின் மூலை சதுர மூலை. அதைக் குறுக்காக வெட்டியபோது ஒரு பெரிய கூர்முனையும் ஒரு சின்னக் கூர்முனையும் வந்தன. இரண்டையும் சேர்த்தால் மறுபடியும் ஒரு சதுர மூலை. பெரிய சதுரத்தின் பக்கத்தில் இரண்டு முக்கோணங்கள் தொடும் இடத்தைப் பாருங்கள். ஒன்றின் பெரிய கூர்முனையும் மற்றதன் சின்னக் கூர்முனையும்தான் அங்கே இருக்கின்றன. நேர்கோட்டின் ஒரு புறத்தில் இரண்டு சதுர மூலைகளுக்குத்தான் இடம் உண்டு. ஒன்றின் இடத்தைக் கூர்முனைகள் பிடித்துக்கொண்டன. மிச்சம், சரியாக ஒரு சதுர மூலை. ஆகவே நடுக் கட்டம் சதுரமேதான்.

பெரிய சதுரம் மாறவில்லை. அதன் மேல் வைத்த அட்டையும் மாறவில்லை. வைத்த விதம்தான் மாறியது. அப்படியானால் மீதி இடமும் மாறியிருக்க முடியாது. முதலில் மீதி இருந்தவை 3 அங்குலச் சதுரமும் 4 அங்குலச் சதுரமும். இப்போது மீதி இருப்பது கர்ணத்தின் சதுரம். எனவே அந்த இரண்டும் சேர்ந்தது இதற்குச் சமம்!

இதில் 3-க்கும் 4-க்கும் என்ன வேலை இருந்தது? ஒன்றுமில்லை. அட்டை எந்த நீளம், எந்த அகலமாக இருந்தாலும் இதே பேச்சு அப்படியே பொருந்தும். பெரிய சதுரத்தின் பக்கம் மட்டும் அந்த நீளமும் அகலமும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். நூற்று ஓராவது முக்கோணம் தப்ப முடியாது.

பாஸ்கராச்சாரியார் வழி

நம் நாட்டுக் கணித மேதை பாஸ்கராச்சாரியார் 12-ம் நூற்றாண்டில் எழுதிய "பீஜகணிதம்" நூலில் இதே நான்கு முக்கோணங்களை வேறு விதமாக அடுக்கினார். அவர் எடுத்துக்கொண்ட பக்கங்கள் 15-ம் 20-ம். கர்ணம் வெளிப்பக்கம் வரும்படி நான்கையும் சுற்றி வைத்தால், நடுவில் பக்கத்துக்கு 5 உள்ள சின்னச் சதுர ஓட்டை விழும். ஒரு முக்கோணத்தின் பரப்பு 150. நான்குக்கு 600. ஓட்டைக்கு 25. ஆக 625. வெளிச் சதுரத்தின் பக்கம், அதாவது கர்ணம், 25.

பாதியே போதும்!

கார்பீல்டு என்ன செய்தார்? நான்கு முக்கோணம் எதற்கு, இரண்டு போதுமே என்றார்.

நேராக ஒரு கோடு போடுங்கள். முதல் முக்கோணத்தின் 3 அங்குலப் பக்கம் கோட்டின் மேல் படுக்கட்டும். 4 அங்குலப் பக்கம் இடது கோடியில் செங்குத்தாக நிற்கட்டும். இரண்டாவது முக்கோணத்தின் 4 அங்குலப் பக்கம் அதை அடுத்துக் கோட்டின் மேல் படுக்கட்டும். அதன் 3 அங்குலப் பக்கம் வலது கோடியில் நிற்கட்டும். இரண்டு முக்கோணங்களும் நடுவில் ஒரு புள்ளியில் தொடும்.

இப்போது இரண்டு உச்சிகளையும் ஒரு கோட்டால் சேருங்கள். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வாகத் தாழ்வாரக் கூரை போல ஓர் உருவம் கிடைக்கும். இதற்குச் சரிவகம் என்று பெயர்.

சரிவகத்தின் பரப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பக்கம் 4, மறு பக்கம் 3. சராசரி மூன்றரை. அடியின் நீளம் 7. மூன்றரையை 7-ஆல் பெருக்கினால் இருபத்து நாலரை.

அதே சரிவகத்தைத் துண்டு துண்டாகப் பாருங்கள். மூன்று முக்கோணங்கள் இருக்கின்றன. நாம் வைத்த இரண்டும் ஆளுக்கு 6 சதுர அங்குலம். ஆக 12. இருபத்து நாலரையில் 12 போனால் பன்னிரண்டரை. இது நடு முக்கோணத்தின் பரப்பு.

நடு முக்கோணத்தின் இரண்டு பக்கங்களும் கர்ணங்கள். அவை சந்திக்கும் மூலை, முன்பு பார்த்த அதே காரணத்தால், சதுர மூலை. ஆகவே அது கர்ணத்தின் சதுரத்தில் சரிபாதி. பாதி பன்னிரண்டரை என்றால், முழுச் சதுரம் 25. கர்ணம் 5!

எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டு இதையே சில வரிகளில் எழுதிவிட்டார், கார்பீல்டு. எல்லா அளவுக்கும் அது பொருந்தும். முன்பு செய்த பெரிய சதுரத்தை நடுச் சதுரத்தின் மூலைவிட்டத்தோடு இரண்டாக வெட்டினால் இந்தச் சரிவகம்தான் வரும் என்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுகொள்ளலாம். அதனால் இதன் பெருமை குறையாது. தேவையற்றதை நீக்கிப் பாதியிலேயே காரியத்தை முடிப்பது சாமர்த்தியம்தானே?

கிடைக்காத குண்டு

1880-ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலுக்கு ஆள் நிறுத்தக் குடியரசுக் கட்சி சிகாகோ நகரில் கூடியது. கார்பீல்டு அங்கே வேறொருவருக்கு ஆதரவு தேடப் போனவர். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் ஓட்டெடுப்பு மேல் ஓட்டெடுப்பாக நடந்தது. 36-வது ஓட்டெடுப்பில் கார்பீல்டையே வேட்பாளர் ஆக்கிவிட்டார்கள்! தேர்தலிலும் வென்றார்.

1881-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி பதவி ஏற்றார். நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 2-ந் தேதி, வாஷிங்டன் ரெயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னால் இருந்து துப்பாக்கியால் சுட்டான். அரசாங்க உத்தியோகம் கேட்டுக் கிடைக்காத ஆத்திரம்.

ஒரு குண்டு கையை உரசிப் போயிற்று. மற்றொன்று முதுகில் பாய்ந்து உள்ளே தங்கிவிட்டது.

டாக்டர்கள் கழுவாத விரல்களையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் தேடினார்கள். காயத்தைச் சுத்தமாக வைக்கும் முறையை லிஸ்டர் என்ற டாக்டர் 1867-ம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். அமெரிக்காவில் பலர் அதை அப்போது பொருட்படுத்தவில்லை.

டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், குண்டு இருக்கும் இடத்தைக் காட்ட ஒரு மின்சாரக் கருவியோடு ஓடி வந்தார். குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை டாக்டர் உறுதியாக நம்பினார். அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். ஒன்றும் அகப்படவில்லை.

79 நாள் உயிருக்குப் போராடி, செப்டம்பர் 19-ந் தேதி கார்பீல்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 49. பிரேதப் பரிசோதனையில், குண்டு முதுகெலும்புக்கு இடது பக்கம் இருந்தது தெரிந்தது.

இரண்டு மாணவிகள்

ஓஹையோவைச் சேர்ந்த எலிஷா லூமிஸ் என்ற கணித ஆசிரியர், பிதாகரஸ் தேற்றத்துக்கு உலகில் உள்ள நிரூபணங்களை எல்லாம் திரட்டி ஒரு புத்தகம் போட்டார். 1940-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 360-க்கு மேற்பட்ட நிரூபணங்கள் இருந்தன. கார்பீல்டின் சரிவகமும் அதில் உண்டு.

அதே புத்தகத்தில் லூமிஸ் ஒன்றைத் திட்டமாகச் சொல்லியிருந்தார். திரிகோண கணிதத்தைக் கொண்டு இந்தத் தேற்றத்தை நிரூபிக்க முடியாது. அந்தக் கணிதமே இந்தத் தேற்றத்தின் மேல் நிற்கிறது என்றார்.

2009-ம் ஆண்டு ஜேசன் ஜிம்பா என்பவர் முடியும் என்று ஒரு வழி காட்டினார்.

2022-ம் ஆண்டு, நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குப் போட்டி வைத்தார்கள். அதில் கூடுதலாக ஒரு கேள்வி. பிதாகரஸ் தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் வேண்டும்! பரிசு 500 டாலர்.

நெக்கியா ஜாக்சன், கால்சியா ஜான்சன் என்ற இரண்டு மாணவிகள் விடாமல் முயன்றார்கள். திரிகோண கணிதத்தைக் கொண்டே புதிய வழி கண்டார்கள். 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் அட்லாண்டா நகரில் கணித அறிஞர்கள் கூடிய மாநாட்டில் எழுந்து நின்று விளக்கினார்கள்.

2024-ம் ஆண்டு அக்டோபரில் அவர்களுடைய கட்டுரை அமெரிக்கக் கணித மாத இதழில் வெளிவந்தது. அதில் ஐந்து புதிய நிரூபணங்கள் இருந்தன. இன்னும் ஐந்தைக் காண ஒரு வழியை மட்டும் காட்டி, கண்டுபிடிக்கும் வேலையை வாசகர்களுக்கே விட்டிருந்தார்கள்.